சவுண்ட் இல்லாத ஷாட்

ஜோதிலட்சுமி இதுவரை நாற்பத்து மூன்று படங்களில் நடித்திருக்கிறாள். ஒன்றில்கூட அவளுடைய குரல் கிடையாது.

தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒருத்தி, கோர்ட்டு வாசலில் முணுமுணுக்கும் கூட்டத்தில் ஒருத்தி, சாவு வீட்டில் மாரடிக்கும் கூட்டத்தில் ஒருத்தி. கோவளத்து மோசஸ்தான் ஏஜென்ட். ஈ.சி.ஆர். பக்கம் எங்கே ஷூட்டிங் நடந்தாலும் கூட்டம் சேர்க்க அவனுக்குத்தான் போன் வரும். காலை ஐந்தரைக்கு அவன் வேன் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். "யக்கா, நாளிக்கு சாவு சீனு, பளபளன்னு வந்துடாத" என்று முந்தின நாளே சொல்லிவிடுவான். ஜோதிலட்சுமி ஒரு சிவப்பு ஃபிளாஸ்க்கில் டீ நிரப்பிக்கொண்டு வேனின் முன் சீட்டில் ஏறி உட்காருவாள். இருபத்தோரு வருஷ சர்வீஸ். அந்த முன் சீட்டை அவளிடம் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இந்தத் தொழிலில் படிக்கவேண்டிய பாடம் இரண்டே இரண்டுதான். கேமராவைப் பார்க்கக் கூடாது. வாய் அசையவேண்டும். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, குரலெல்லாம் பிறகு டப்பிங் தியேட்டரில் வேறு யாராவது பேசிக்கொள்வார்கள். அதனால் கூட்டத்து ஆட்கள் எல்லோரும் நம்பர் சொல்வார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஆரம்பித்து டைரக்டர் 'கட்' சொல்லும்வரை. அழுதுகொண்டு சொன்னால் அழுகை, கையை ஓங்கிச் சொன்னால் சண்டை. ஒரு படத்தில் கதாநாயகனின் அம்மா செத்துக் கிடக்க, ஜோதிலட்சுமி தலைவிரி கோலமாக அவள் காலைக் கட்டிக்கொண்டு 'பதினேழு, பதினெட்டு' என்று கதறியிருக்கிறாள். தியேட்டரில் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள்.

மகள் பிரதீபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இது ஒரு விளையாட்டு. டிவியில் அம்மா முகம் இரண்டு நொடி வந்தால் போதும், உதட்டைப் பார்த்து நம்பரைச் சொல்லிவிடுவாள். "நைனா, நைனா, அம்மா இருவத்தெட்டுல கீது!" என்று குதிப்பாள். தண்ணி லாரி ஓட்டும் தாமோதரன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "வூட்லயும் அப்டித்தான். நான் பேசசொல்ல உங்கம்மா நம்பர்தான் எண்ணிகினு கீறா" என்பான். மூன்று பேரும் சிரிப்பார்கள். நல்ல குடும்பம்தான். சிரித்துப் பேசிச் சாப்பிடுகிற குடும்பம்.

அந்த வீட்டில் பொய் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது முழுப் பூசணிக்காய். அதைச் சோற்றில் மறைத்து ஆறு வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தவள் ஜோதிலட்சுமி.

நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிரதீபாவுக்கு, அதே கட்டடத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்த ஜெபகுமாரைப் பிடித்துப்போனது. கோவளத்து மீனவ வீட்டுப் பையன், மாதா கோயிலுக்குப் போகிறவன். வீட்டில் சொன்னபோது தாமோதரன் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் லாரி ஓட்டினான். அவனுடைய அண்ணன் மகள் இப்படித்தான் வெளியே ஒருவனைக் கட்டிக்கொண்டு போக, அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் பங்காளிகள் யாரும் போவதில்லை. ஜோதிலட்சுமி பயந்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து பிரதீபாவுக்கு டெங்கு வந்தது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். அவளுடைய போன் அம்மா கையில் இருந்தது.

ஜெபகுமார் மூன்று நாள் வந்தான். ஜோதிலட்சுமி அவனை மேலே விடவில்லை. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் வைத்து அவனிடம் பேசினாள். பிரதீபாவுக்கு மாமன் மகனை நிச்சயம் பண்ணியாயிற்று, இதை அவளே சொல்லச் சொன்னாள், இனிமேல் அவளோடு பேசமாட்டேன் என்று உங்கள் மாதா மேல் சத்தியம் செய் என்றாள். நிச்சயமும் இல்லை, மாமன் மகனும் இல்லை. பையன் அதை நம்பிச் சத்தியம் செய்தான். காப்பாற்றவும் செய்தான், அதுதான் கொடுமை. பிரதீபா எழுந்து உட்கார்ந்து போன் அடித்தபோது அவன் எடுக்கவில்லை. அடுத்த மாதம் மஸ்கட் போய்விட்டான்.

பிரதீபாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாகக் கிடந்தபோது அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் "வாணாம்" என்ற ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்தாள். முப்பது வயது ஆகிவிட்டது. பேச்சு எங்கே சுற்றினாலும், "ஆஸ்பத்திரிக்குக்கூட வரலம்மா அவன்" என்பதில் வந்து நிற்பாள். "அவன் அப்டித்தாண்டி" என்பாள் ஜோதிலட்சுமி. "நீ ஒருத்திதாம்மா எனக்கு இதுவரிக்கும் பொய் சொல்லாதவ" என்பாள் மகள். அந்த நேரம் பார்த்து ஜோதிலட்சுமிக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஜெபகுமார் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டான் என்று ஒருநாள் மோசஸ் வேனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஜோதிலட்சுமி தன்னைத் தேற்றிக்கொண்டாள். சொல்லாமல் இருப்பதற்குத்தான் எத்தனை நல்ல காரணங்கள் கிடைக்கின்றன! ஒவ்வொரு கிருத்திகைக்கும் முருகன் கோயிலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இது மகள் காதுக்குப் போகக் கூடாது. ஊரே தெரிந்துகொண்டாலும் சரி, அவளுக்குத் தெரியக் கூடாது.

இந்த நிலையில்தான் மாடி அறைக்கு ராகவன் வாடகைக்கு வந்தான்.

திருநெல்வேலிப் பையன், உதவி இயக்குநர். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு பழைய குடோனில் அவர்கள் படத்துக்கு செட் போட்டிருந்தார்கள். வந்த முதல் வாரமே ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். ஜோதிலட்சுமி மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு கீழேதான், இவர்களோடுதான். பிரதீபா நாலாவது தட்டை வைத்துவிட்டு மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பாள். கூடப்பிறந்த தம்பி இல்லாத ஜோதிலட்சுமிக்கு அவன் "அக்கா" என்று கூப்பிடுவது ரொம்பப் பிடித்திருந்தது.

"இன்னா கதடா தம்பி உங்க படம்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"இன்னும் அறுபது வருஷம் கழிச்சு நடக்கற கதைக்கா. ஒரு கம்பெனி இருக்கு. தலையில ஒரு மெஷினை மாட்டிவிடுவாங்க. நீங்க வாழ்க்கையில எதை அனுபவிச்சீங்களோ, அது அப்படியே பதிவாயிரும். சந்தோஷம், வலி, பயம், எல்லாம். காசு உள்ளவன் அதை வாங்கித் தன் தலையில மாட்டிக்கிடுவான். உங்களுக்கு நடந்தது அவனுக்கு நடக்கும்."

"அப்ப நமக்கு?"

"உங்ககிட்டேருந்து போயிரும். வித்ததுக்கு அப்புறம் அப்படி ஒண்ணு நடந்ததே உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

ஜோதிலட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அது நல்ல மெஷினா கீதே" என்றாள்.

பிரதீபா சிரித்தாள். "எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு ராகவா. ஆஸ்பத்திரியில படுத்திருந்த பத்து நாளு கீது. சீப்பா குடுத்துடறேன்."

ஜோதிலட்சுமி எழுந்து ரசம் கொண்டுவரப் போனாள்.

அந்தப் படத்தில் அவளுக்கும் வேலை கிடைத்தது. அனுபவத்தை விற்க வந்தவர்கள் என்று ஒன்பது பேர் வரிசையாக நாற்காலியில் உட்காரவேண்டும். மெஷின் என்பது பைக் ஹெல்மெட்தான். அறுத்து வெள்ளி பெயிண்ட் அடித்து, கல்யாண வீட்டு சீரியல் லைட்டைச் சுற்றியிருந்தார்கள். அறுபது வருஷம் கழித்தும் உலகம் இவ்வளவுதான் முன்னேறியிருக்கும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு ஜோதிலட்சுமி அதை மாட்டிக்கொண்டாள். கண்ணை மறைத்தது. வாயும் மோவாயும்தான் வெளியே தெரிந்தன.

இரண்டு டேக் எடுத்தார்கள். அவள் வழக்கம்போல முகத்தைச் சுளித்து முப்பத்து நாலு வரைக்கும் எண்ணினாள். டைரக்டருக்குத் திருப்தி இல்லை. ராகவன் வந்து அவள் நாற்காலிப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அக்கா, நம்பர் வேண்டாம். நீங்க எண்ணுறது ஒதட்டுல தெரியுது. நெஜமா உங்களுக்கு நடந்தது ஏதாவது சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லாதது."

"சவுண்ட் கீதா தம்பி?"

"இல்லக்கா. எப்பவும் போலத்தான். பின்னால டப்பிங்ல வேற ஆளு பேசும், டயலாக்கும் வேற."

"சத்தியமா?"

"உங்ககிட்ட நான் பொய் சொல்லுவனாக்கா?"

சவுண்ட் எடுக்கிற ஷூட்டிங் எப்படி இருக்கும் என்று இருபத்தோரு வருஷத்தில் அவளுக்குத் தெரியாதா? நீளக் கழியில் மைக் தலைக்கு மேல் தொங்கும். தும்மினால் அடிக்க வருவார்கள். இங்கே கழியும் இல்லை, மைக்கும் இல்லை. ஃபேனை நிறுத்தியிருந்தார்கள், சீரியல் லைட் வொயர் ஆடும் என்பதற்காக இருக்கும். ஜெனரேட்டர் சத்தம் கேட்கவில்லை, குடோன் சுவர் தடிமன். ராகவன் கழுத்தில் ஒரு ஹெட்போன் தொங்கியது, டைரக்டரோடு பேசுவதற்கு வைத்திருப்பான். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. புதிதாக வந்தவளாக இருந்திருந்தால் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பாள். தொழில் தெரிந்தவள் என்பதால் கெட்டாள். மைக் ஹெல்மெட்டுக்குள்ளேயே இருந்தது, அவள் மூக்குக்கு மேலே, ஒரு மிளகளவு.

ஹெல்மெட்டுக்குள் இருட்டு. தன் மூச்சு தனக்கே கேட்டது. பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்த கதையைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வாய் வேறொன்றைச் சொல்லத் தொடங்கியது.

"எம் பொண்ணுக்கு டெங்கு. மேல பெட்ல கெடக்கறா. அந்தப் புள்ள கீழ மூணு நாளு நின்னுகினு இருந்துச்சு. வெய்யில்லயே நின்னுச்சு. அவங்கம்மா நெலவேம்பு காச்சி ஒரு செவப்பு ஃபிளாஸ்க்ல குடுத்தனுப்பிச்சிருந்தாங்க. வாங்கிகினேன். கையில வாங்கிகினுதான் பொய்யும் சொன்னேன். எம் பொண்ணே உன்ன வாணாம்னுட்டா, போன்னேன். மாதா மேல சத்தியம் பண்ணுன்னேன். பண்ணிட்டு அழுதுகினே போச்சு. கஷாயத்த எம் பொண்ணுக்குக் குடுத்தேன், எதிர் பெட்டுக்காரி குடுத்தான்னு சொல்லி. அத்த குட்ச்சிட்டுத்தான் எய்ந்து உக்காந்தா. ஏம்மா அவன் வரலன்னு கேட்டா. அவன் அப்டித்தாண்டின்னேன். இன்னும் கேட்டுகினுதான் கீறா. நானும் சொல்லிகினுதான் கீறேன். அந்த ஃபிளாஸ்க்கக்கூட நான் திருப்பிக் குடுக்கல."

பிரதீபாவின் பெயரையும் சொன்னாள், ஜெபகுமாரின் பெயரையும் சொன்னாள். அழுகை வந்தது. எந்தப் படத்திலும் வராத மாதிரி, கோணலாக, மூக்கு ஒழுகி வந்தது. 'கட்' என்று யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது ராகவன் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். "பிரமாதம்க்கா" என்றான். வெளியே வழக்கமான சம்பள வவுச்சரோடு இங்கிலீஷில் இன்னொரு தாளும் நீட்டினார்கள். அதிலும் கையெழுத்துப் போட்டாள்.

அன்று அவளுக்கு உடம்பே லேசாக இருந்தது. அந்த டூப் மெஷின் நிஜமாகவே எதையோ எடுத்துக்கொண்டுவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. பல வருஷத்துக்குப் பிறகு மகளின் முகத்தை நேராகப் பார்த்துச் சோறு போட்டாள். நாலாவது தட்டுக்குத்தான் ஆள் வரவில்லை. பசியில்லை என்று மாடியிலிருந்தே சொல்லிவிட்டான் ராகவன். அடுத்த நாளும் பசியில்லை. அந்த வாரக் கடைசியில், லொக்கேஷன் மாறிவிட்டது என்று சொல்லி அறையைக் காலி செய்துகொண்டு போனான். போகிற அன்று ஒருவாய் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியும் சாப்பிடவில்லை. சினிமாக்காரப் பையன், அவன் குணம் அப்படித்தான் என்று ஜோதிலட்சுமி வருத்தப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டாள்.

பத்து மாதம் கழித்துப் படம் வந்தது. ராகவன் போனில் ஒற்றை டிக்கெட் அனுப்பியிருந்தான். நாவலூர் மால், மதியக் காட்சி. "கஞ்சப் பயபுள்ள, ஒண்ணுதான் அனுப்பிக்கிறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே பிரதீபா தனக்கு ஒன்று வாங்கினாள். ஆபீஸில் அரை நாள் லீவு போட்டாள். அம்மாவுக்குப் பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்து, தலையில் ஒரு முழம் மல்லி வைத்துவிட்டாள். ஜோதிலட்சுமிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன உதறல் இருக்கத்தான் செய்தது. ஆனால் டயலாக் வேறு, குரல் வேறு, மகளுக்கு உதட்டில் படிக்கத் தெரிந்ததோ நம்பர் மட்டும்தான். போதாக்குறைக்குப் பெருமையும் சேர்ந்துகொண்டது. நாற்பத்து மூன்று படத்துக்குப் பிறகு முதல் குளோசப்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்த சீன் வந்தது. ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேமரா ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, ஆறாவது நாற்காலியில் நின்றுவிட்டது. திரை முழுக்க ஜோதிலட்சுமியின் வாயும் மோவாயும். பிரதீபா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எம்மா, எம்மாம் பெருசா கீற பாரு!"

முதலில் வெறும் இசைதான் இருந்தது. உதடு அசைந்தது. பழக்க தோஷம், பிரதீபா உதட்டைப் பார்த்தாள். "நம்பர் இல்லியே, இன்னாமா சொல்ற?" என்று காதோரம் கிசுகிசுத்தாள். ஜோதிலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எவளுடைய குரலை மாட்டியிருப்பார்களோ, எடுப்பான குரலாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். இசை நின்றது. தியேட்டரின் நாலு சுவரிலிருந்தும் குரல் வந்தது.

"எம் பொண்ணுக்கு டெங்கு. மேல பெட்ல கெடக்கறா."

தன் குரல் இப்படி இருக்கும் என்று ஜோதிலட்சுமிக்குத் தெரியாது. கரகரவென்று, கிழட்டுக் குரலாக இருந்தது. பெயர் வந்த இடங்களில் மட்டும் மெஷின் கிர்ரென்று இரைந்து பெயரை விழுங்கியது. மற்றதெல்லாம் வந்தது. மூன்று நாள் வந்தது, வெயில் வந்தது, நிலவேம்பு வந்தது, மாதா மேல் சத்தியம் வந்தது. முன் வரிசையில் யாரோ விசும்பினார்கள். பிரதீபாவின் கை இன்னும் அவள் கைமேல் இருந்தது. 'அவன் அப்டித்தாண்டின்னேன்' என்ற இடத்தில் அந்தக் கை எழுந்து போய் மகளின் மடியில் உட்கார்ந்தது.

எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தாள், வெளியே போகிற பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். திரையை யாராவது கிழிக்கமாட்டார்களா, கரண்ட் போகாதா என்றிருந்தது. முருகா, முருகா என்று மனசுக்குள் கத்தினாள். அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுத்தான் படம் அடுத்த ஆளிடம் போனது.

இடைவேளை விளக்கு போட்டதும் பிரதீபா எழுந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. "வண்டிய எடுத்துகினு வரேன். கீழ வந்து நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜோதிலட்சுமி பாப்கார்ன் கடை ஓரமாக நின்று ராகவனுக்குப் போன் அடித்தாள்.

"சவுண்ட் இல்லன்னியேடா பாவி!"

"அக்கா, மூணு பேரை வச்சு டப்பிங் பண்ணிப் பாத்தோம். அந்த நடுக்கம் யாருக்கும் வரலை. டைரக்டர் ஒரிஜினலையே வச்சிரலாம்னுட்டாரு" என்றான். "பேரையெல்லாம் எடுத்தாச்சுக்கா. நான்தான் சண்டை போட்டு எடுக்கவச்சேன்."

"பேர எட்துட்டா எம் பொண்ணுக்குத் தெரியாதா? மைக்கே கண்ல படலியேடா, அந்த ஹெல்மெட்டு உள்ளதான வச்சீங்க? டப்பிங் பண்றதுக்கா மைக் வச்சீங்க?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கலாமேடா. பத்து மாசம் இருந்துச்சேடா."

"சொல்லியிருந்தா அந்த ஷாட்டையே தூக்கச் சொல்லியிருப்பீங்க." குரலை இறக்கினான். "பிரதீபாவும் வந்திருக்காளா? நான் ஒரு டிக்கெட்தானக்கா அனுப்பினேன். அன்னைக்கு ஹெட்போன்ல கேட்டதிலேருந்து அவ தட்டு வச்சுக் கூப்பிட்டா எனக்குக் கீழ இறங்கி வரவே முடியலை."

"என் வூட்டு ரசத்த ஊத்திகினு துன்னியேடா" என்றாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மாவா சொன்னார்கள்? இவனும்தான் நினைத்தான். நினைத்து நினைத்து, நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, ஒற்றை டிக்கெட் அனுப்பினான். அவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று அவள் முழுமனசோடு நினைத்தாள். வாயைத் திறந்து சாபம் விட முனைந்தபோது, செங்கல்பட்டு டீக்கடையில் ஒரு பையன் இவளையும் இப்படி நம்பிக்கொண்டு நின்றானே என்பது குறுக்கே வந்து விழுந்தது. போனை வைத்துவிட்டாள்.

கீழே பிரதீபா ஸ்கூட்டியில் காத்திருந்தாள். வழக்கமாக ஜோதிலட்சுமி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். இன்று பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம், கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர். வழியெல்லாம் லாரி ஹார்ன் மட்டும்தான். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டபோது, "புட்ச்சிகினியா?" என்று மகள் திரும்பாமலே கேட்டாள். "ம்" என்றாள் இவள். மகள் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் தாமோதரன் இல்லை, லாரியோடு போயிருந்தான். பிரதீபா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அந்தச் சிவப்பு ஃபிளாஸ்க்கைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"இதுவா?"

ஜோதிலட்சுமி தலையாட்டினாள்.

"ஆறு வருஷமா இதுல டீ ஊத்திகினு போற. நான் ஜுரத்துல படுத்தாக்கூட இதுலதான் வெந்நி வெச்சுக் குடுக்கற." பிரதீபா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள், மறுபடி மூடினாள். "மூணு நாளும் வந்தானா?"

"வந்தான்."

"கீழயே நின்னானா?"

"நின்னான்."

"போன மாசம் கோவளம் ஸ்டாப்பிங்ல பொண்டாட்டியோட நின்னுகினு இருந்தாம்மா. என்னப் பாத்து லேசா சிரிச்சான். நான் காரித் துப்பிட்டு பஸ் ஏறினேன்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு தப்பும் பண்ணாத ஆளப் பாத்துத் துப்பிக்கிறேன். நீ பக்கத்துல இருந்திருந்தாக்கூட சும்மாதான இருந்திருப்ப?"

"பிரதீ, அந்த ராகவன் சவுண்ட் இல்லன்னு சொல்லிட்டுதாண்டி... நம்ப வெச்சு ஏமாத்திட்டாண்டி என்ன."

சொன்ன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. மகள் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"அவன் கெடக்கறான், வுடு. ஒரு பைக் ஹெல்மெட்டுகிட்ட சொல்ல முடிஞ்சுதில்ல உனக்கு? ஊரே டிக்கெட் வாங்கிக் கேக்குது. நான் ஒருத்தி நெதம் உன் எதிர்லதான உக்காந்து துன்னுகினு கீறேன். எங்கிட்ட சொல்ல முடியலியா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள். "உக்காரு. இப்ப சொல்லு. மெஷின் இல்லாம, எம் மூஞ்சியப் பாத்து, மொதல்லேருந்து சொல்லு. ஏன் பண்ண?"

ஜோதிலட்சுமி உட்கார்ந்தாள். சொல்லத்தான் நினைத்தாள். உன் அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை, பங்காளிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தேன், நீ பிழைப்பாயோ மாட்டாயோ என்று புத்தி பேதலித்துப்போயிருந்தது என்று எத்தனையோ இருந்தது சொல்ல. எதிரே மகளின் முகம் இருந்தது. இவ்வளவு பக்கத்தில், கண் இமைக்காமல், எந்தக் கேமராவும் அவளைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அழுகையா மூச்சா என்று தெரியாமல் மோவாய் ஆட, உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

பிரதீபா சின்ன வயதில் டிவி முன்னால் உட்கார்ந்து பார்ப்பதுபோல அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணுக்கு வந்துட்டம்மா" என்றாள். "போதும், நிறுத்து."